நல்லாசியுடன்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் சொன்னால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதற்கப்புறம் நான் சொல்லும் எதுவும் அவர்கள் காதில் ஏறாது. பெயர் ஜாய்ஸ். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழாசிரியை. எனக்குக் கோபம் அதிகம் என்று பள்ளியில் சொல்வார்கள். உண்மைதான். வருகிற கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, ஊறுகாயா போட முடியும்?

இரண்டாயிரத்து ஒன்பதில், கல்லூரி விரிவுரையாளர் தகுதித் தேர்வு எழுதுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். பாடத்தில் எனக்குப் பயமில்லை. படிப்பதுதான் பாடு. அந்தத் தேர்வுக்கான புத்தகங்கள் பிரெயிலில் கிடையாது. அதனால் தம்பி ஜெரால்ட் வாசிப்பான், நான் கேட்பேன். அவன் திருமங்கலத்தில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, காபியைக் குடித்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுப்பான். முதல் பத்தி முடிவதற்குள் கொட்டாவி விடுவான். அப்புறம் பக்கம் தாண்டுவான். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. "நேத்து விதி சொன்னே, இன்னைக்கு விலக்கு வரணுமே, எங்கடா?" என்றால், "அது இந்தப் புத்தகத்துல இல்லக்கா" என்பான். அவனைத் திட்டி என்ன பயன். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவன். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வயதைத் தாண்டியும் ஒரு பக்கம் படிக்க அடுத்தவர் தயவில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

என்னிடம் ஒரு கணினி இருந்தது. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரும் இருந்தது. அதில் ஒரு தமிழ்க் குரல், இலவசமாகக் கிடைத்தது. தமிழை அடித்துத் துவைத்துத்தான் பேசும். ஆனாலும் கொட்டாவி விடாது. தொல்லை வேறு இடத்தில் இருந்தது. மதுரைப் பக்கம் புத்தகம் அச்சடிக்கிற இடமெல்லாம் 'ராஜம் எழுத்து' என்ற எழுத்துருவில்தான் தட்டச்சு செய்வார்கள். கண் உள்ளவர்களுக்கு அது திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. மேலே தமிழ்ச் சட்டையை மாட்டிவிட்டிருப்பார்கள். தெரிந்த அச்சகத்தில் கெஞ்சி ஒரு புத்தகத்தின் கோப்பை வாங்கிவந்து திறந்தால், என் கணினி "மைனஸ், ஜி, ஸ்டார், பர்சென்ட்" என்று பக்கம் பக்கமாக ஓதும்.

பாலகணேஷ் எங்கள் பள்ளிக் கணினி அறையைப் பார்த்துக்கொள்ள வாரம் ஒருமுறை வருவான். வண்டியூர்க்காரன், சௌராஷ்டிரக் குடும்பம், வாய் அதிர்ந்து பேசத் தெரியாதவன். ஒருநாள் அவனுக்கு அந்த மைனஸ், ஸ்டார் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

"இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கீங்களா டீச்சர்?"

"வேற என்னத்தக் கேக்க? நாலு நாள் கேட்டா பழகும்னு பார்த்தேன். பழகலை."

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் கொத்துச்சாவி. ராஜம் எழுத்தில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றும் நிரல். அதாவது உள்ளேயும் வெளியேயும் தமிழாகவே இருக்கும்படி ஆக்குவது. மந்திரமெல்லாம் இல்லை. காசு கொடுத்து எழுத்துருவை வாங்கி, ஒவ்வொரு தமிழ் எழுத்தாகத் தட்டி, அதற்கு அடியில் எந்தக் குறி ஒளிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு அட்டவணை போட்டான். பொறுமை இருக்கிற யாரும் செய்யலாம். யாரும் செய்யவில்லை, அவன் செய்தான். செய்ததை ஓப்பன் சோர்ஸாக, உள்ளே எழுதியது அத்தனையும் தெரிகிற மாதிரி, ஒரு அமெரிக்க இணையதளத்தில் சும்மா வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். ஈப்போவிலிருந்து ஒருவர், டொராண்டோவிலிருந்து ஒருவர், முகம் தெரியாத மனிதர்கள், வேறு எழுத்துருக்களுக்கும் அட்டவணை எழுதி அனுப்பினார்கள்.

கொத்துச்சாவி என் கணினிக்கு வந்த அன்று நான் ஒரு இலக்கண உரையை முதல் வரியிலிருந்து நானே படித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, புரியாத இடத்தில் திரும்பப் போய், யாரிடமும் "இன்னொரு தடவ" என்று கேட்காமல் படித்தேன். அழுகை வந்துவிட்டது. ஜெரால்டிடம் சளி என்று சொன்னேன்.

கொத்துச்சாவியைத் திறந்ததும் முதலில் ஒரு நன்றிப் பக்கம் வரும். ஸ்கிரீன் ரீடர் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணப் பத்திரிகை தோற்றது. அம்மா, அப்பா, குலதெய்வம், என் பெயர், ஈப்போ, டொராண்டோ. எல்லாருக்கும் மேலே, அந்த எழுத்துருவை விற்கிறவர் பெயரில் ஒரு வரி: ராஜம் கிராபிக்ஸ் உரிமையாளர் உயர்திரு ராஜாராம் மாமா அவர்களின் நல்லாசியுடன்.

"இவர் என்ன செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலை டீச்சர். படிச்சு முடிச்சதும் அவருகிட்டதான் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். எங்க சொந்தம் வேற. பேரு போடலேன்னா நல்லா இருக்காது."

"அவருகிட்ட கேட்டியா?"

"ஆசீர்வாதத்துக்குப் போயி யாரு கேப்பா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். எங்கள் ஊரில் காதுகுத்துக்கு அடிக்கிற போஸ்டரில்கூட ஊர்ப் பெரிய மனிதர் அத்தனை பேர் பெயரும் இருக்கும். பாதிப் பேருக்குக் காது யாருடையது என்றே தெரியாது. பெயர் போட்டால் மரியாதை, விட்டால் பகை. ராஜாராமும் அந்த வரியைப் பார்த்துப் பூரித்துப்போய், தெற்கு மாசி வீதியில் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாராம்.

தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும்போது ராஜம் எழுத்தின் புதுப் பதிப்பு வந்தது. உள்ளே குறிகளையெல்லாம் இடம் மாற்றிக் கலைத்துவிட்டார்கள். அச்சகங்கள் எல்லாம் புதுசுக்கு மாறின. எனக்கு மறுபடியும் மைனஸ், ஸ்டார். மிச்சமிருந்த முக்கியமான புத்தகங்கள் அத்தனையும் புதுப் பதிப்பில்தான் வந்தன. பாலகணேஷ் முணுமுணுக்காமல் திரும்ப உட்கார்ந்து புது அட்டவணையைப் போட்டு, தளத்தில் ஏற்றினான். "ஏத்திட்டேன் டீச்சர், சாயங்காலம் இறக்கிக்கங்க" என்று போனில் சொன்னான்.

சாயங்காலம் போனால் பக்கமே இல்லை. பதிப்புரிமைப் புகாரின்பேரில் நீக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. என் கணினி அதை மட்டும் தெளிவாக, திக்காமல் வாசித்தது.

அடுத்த முறை பள்ளிக்கு வந்தபோது அவனுக்கு வந்த மின்னஞ்சலைத் தமிழில் சொன்னான். புகார் கொடுத்தது ராஜம் கிராபிக்ஸ், சென்னை வக்கீல் மூலமாக. அந்த அட்டவணை அவர்கள் சொத்தாம். முன்னாள் ஊழியர் திருடிக்கொண்டு போய்விட்டாராம். என்ன ஆதாரம்? நிரலின் முதல் பக்கமே ஆதாரம். எங்கள் நிறுவன உரிமையாளரின் பெயரைச் சொல்லித்தான் இது வெளியிடப்பட்டிருக்கிறது. இது எங்கள் இடத்திலிருந்து பிறந்தது என்பதை அந்த ஊழியரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று வக்கீல் எழுதியிருந்தார். அந்த அமெரிக்கத் தளத்தில் யாரும் விசாரிக்கவில்லை. புகார் வந்தால் முதலில் எடுத்துவிடுவார்கள், அதுதான் அவர்கள் முறை.

"மறுத்து எழுது" என்றேன்.

"எழுதலாம் டீச்சர். என் பேரு, வீட்டு விலாசம் எல்லாம் கொடுக்கணும். அமெரிக்கா கோர்ட்டுல கேஸ் போட்டா அதுக்குக் கட்டுப்படுறேன்னு கையெழுத்துப் போடணும். அப்பத்தான் திரும்ப ஏத்துவாங்களாம்."

"போடு. நீ என்ன களவாண்டியா?"

அவன் மனைவி தேவிகாவை எனக்குத் தெரியும், கைக்குழந்தைக்காரி. அன்றைக்கு அவளே எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க சொன்னா கேப்பாரு. தெப்பத் திருவிழாவுக்கு வாசல்ல இருந்து நாலு எட்டு வச்சாப் போதும், கூட்டத்துக்குப் பயந்து அதுக்கே போகமாட்டாரு. இவரு அமெரிக்கா கோர்ட்டுக்குப் பதில் சொல்லவா? எங்களுக்கு வேண்டாம்க்கா இந்தப் பேரும் புகழும்."

பேரும் புகழுமா. ஆனால் அவளிடம் என்ன சண்டை போட? ஈப்போக்காரரும் டொராண்டோக்காரரும், விஷயம் தெரிந்ததும், தங்கள் பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடும்படி மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகள். அத்தனை பேரும் மரியாதையாகத்தான் நழுவினார்கள். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாமா என்று கேட்டேன். "இதைப் பார்த்தபிறகு யாரு டீச்சர் தொடுவா?" என்றான்.

நேரில் போய்ப் பார்த்தால் மாமா இறங்கிவருவார் என்று பாலகணேஷ் நம்பினான். என்னையும் கூட்டிக்கொண்டு தெற்கு மாசி வீதிக்குப் போனான். "நீங்க கோவப்படாம இருக்கணும் டீச்சர்" என்று ஆட்டோவிலேயே வாக்கு வாங்கிக்கொண்டான்.

ராஜாராமின் குரல் நல்ல குரல். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், டம்ளரை என் கையில் பதமாக வைத்தார். "எம்புட்டுக் கஷ்டத்துல படிச்சு டீச்சராயிருக்கீங்க" என்று உச்சுக்கொட்டினார். பிறகு இருவரும் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்கு மாறினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சென்னை, பார்ட்னர், கோர்ட், கேஸ் என்று நடுநடுவே விழுந்தவை மட்டும் காதில் பட்டன. மாமா என்ற சொல் பாலகணேஷின் வாயிலிருந்து வரவர இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் தாள் புரளும் சத்தம், பேனா மூடியைக் கழற்றும் சத்தம். ராஜாராம் என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்கம்மா. எல்லாம் சென்னைப் பார்ட்னர் வேலை. நம்ம பையன் மேல நமக்கு என்ன கோவம்? கையெழுத்துப் போட்டுட்டான், முடிஞ்சுபோச்சு" என்றார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "என்னத்துல கையெழுத்துப் போட்ட?"

"கேஸ் போடமாட்டாங்களாம் டீச்சர்."

"நீ என்ன எழுதிக் கொடுத்த?"

"கொத்துச்சாவிய அழிச்சுட்டேன், இனிமே யாருக்கும் கொடுக்கமாட்டேன்னு."

"சரி, தளத்துல போடாத. எனக்கு மட்டும் பென்டிரைவுல போட்டுக் கொடு. யாருக்குத் தெரியும்?"

அவன் ஒரு ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினான்.

"யாருக்கும்னா யாருக்கும்தான் டீச்சர். வீட்டுக்குப் போனதும் அழிச்சுருவேன். என் கையில இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

நான் நடுத்தெருவில் அவனைக் கேட்காத கேள்வி இல்லை. கோழை என்றேன். சொந்தப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வருகிறவன் மாதிரி வருகிறாயே என்றேன். அவன் என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, என் வீட்டு விலாசத்தை டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பள்ளிக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டான். ஒரு நகைக்கடைக்குப் பில் போடும் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று தேவிகா சொன்னாள். ஜெரால்ட் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தான்.

பிறகு ராஜாராமே போன் செய்தார். 'ராஜம் மாற்றி' என்று ஒரு மென்பொருள் வெளியிடுகிறார்களாம். பழையது புதியது எந்த ராஜம் எழுத்தையும் யூனிகோடுக்கு மாற்றுமாம். முதல் பிரதியை மேடையில் வைத்து எனக்கு இலவசமாகத் தருவார்களாம்.

முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் தேர்வு நெருங்கிவிட்டது. ஜெரால்டின் வேகத்தில் போனால் பாதிப் புத்தகம்கூட முடியாது. ரோஷம் பெரிதா, படிப்பு பெரிதா என்று ஒரு நாள் முழுக்க எனக்குள்ளே சண்டை போட்டேன். கடைசியில் வருகிறேன் என்று சொன்னேன். யார் எழுதிய நிரலோ, எனக்குப் படிக்க வேண்டும்.

அழைப்பிதழ் வந்தது. ஜெரால்ட் வாசித்தான். தலைமை, முன்னிலை, வரவேற்பு. முதல் பிரதி பெறுபவர், பார்வையற்ற தமிழாசிரியை செல்வி ஜாய்ஸ். பிறகு ஜெரால்ட் நிறுத்தினான்.

"என்னடா?"

"நல்வாழ்த்துகளுடன்னு போட்டு, திரு. பாலகணேஷ், மென்பொருள் வல்லுநர்னு இருக்குக்கா."

உடனே பாலகணேஷுக்குப் போன் போட்டேன். "உன்னையக் கேட்டாங்களா?"

"கேக்கலை டீச்சர். மாமாவே போட்டுட்டாரு."

"போறியா?"

"போகலேன்னா நல்லா இருக்காது" என்றான்.

மண்டபம் நிறையக் கூட்டம். பட்டுச்சேலை சரசரப்பும் மல்லிகையும் ரவா கேசரி வாசமும் சேர்ந்து கல்யாண வீடு மாதிரியே இருந்தது. ஜெரால்ட் என் காதோரம் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தான். மேடையில் பெரிய திரை கட்டி, ஒரு பையன் ராஜம் மாற்றியை ஓட்டிக் காட்டினான். மாதிரிக் கோப்பு ஒன்றைத் திறந்து, குப்பையாக இருந்ததைத் தமிழாக மாற்றினான். கூட்டம் திடீரென்று கலகலத்தது.

"அக்கா" என்றான் ஜெரால்ட். "அது பாலாவோட கல்யாணப் பத்திரிகை. தேவிகா பேரு இருக்கு. வண்டியூர் விலாசம் இருக்கு."

கொத்துச்சாவியில் சோதித்துப் பார்க்க அவன் வைத்திருந்த கோப்பு அதுதான். என் கணினியில் எத்தனை முறை கேட்டிருப்பேன். எடுத்தவர்கள் அதைக்கூட மாற்றவில்லை, அத்தனை அலட்சியம். இனி யாரும் எதையும் மறைக்க முடியாது, ஊர் முன்னால் திரையில் நிற்கிறது, இப்போது கேட்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். முன்வரிசையில் ஒரு பெண், "அட, நம்ம பாலா கல்யாணம். அன்னைக்கு என்ன மழை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ராஜாராமும் ஒலிபெருக்கியில் சிரித்தார்.

என்னை மேடைக்கு அழைத்தார்கள். பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். கேமராக்காரர், "இங்கிட்டுப் பாருங்கம்மா" என்றார். எங்கிட்டுப் பார்க்க? இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிபெருக்கியைக் கையில் தந்தார்கள். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதும்.

"இதை எழுதினது பாலகணேஷ்" என்றேன். "இதுக்குப் பேரு ராஜம் மாற்றி இல்லை, கொத்துச்சாவி. உலகத்துக்கே சும்மா கொடுத்தான். அவனைத் திருடன்னு சொல்லி அழிக்க வச்சுட்டு, அவன் எழுதினதை எடுத்து இவங்க பெட்டியில போட்டுட்டாங்க. அவன் கல்யாணப் பத்திரிகைதான் சாட்சி."

பிறகு ராஜாராம் ஒலிபெருக்கியை என் கையிலிருந்து பதமாக, மகளிடம் வாங்குவதுபோல வாங்கினார்.

"டீச்சரம்மா சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்லை. இது நம்ம பையன் எழுதினதுதான். நம்ம வீட்டுல வளந்தவன், நம்மகிட்ட வேலை கத்தவன். அவனே என் நல்லாசியுடன்னு எழுதி வச்சிருக்கானே, அதுக்கு மேல என்ன வேணும்? பாலா, மேல வாப்பா."

கைத்தட்டல் மண்டபத்தைத் தூக்கியது. நான் கொடுத்த புகாரை வாழ்த்துரையாக்கி ஊர் முழுக்கக் கைதட்டியது. பாலகணேஷ் ஏறிவரும்போது மேடைப் பலகை கிறீச்சிட்டது. பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று ஜெரால்ட் கீழிருந்து குரல் கொடுத்தான். பேசு பாலா, இப்போதாவது பேசு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"மாமாவுக்கு நன்றி" என்றான் பாலகணேஷ்.

கீழே இறங்கும்போது என் கையைப் பிடித்தது அவன்தான். "நீங்க படிச்சாப் போதும் டீச்சர், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஜெரால்ட் பெட்டியைப் பிரித்துக் குறுந்தட்டை உள்ளே போட்டான். ஸ்கிரீன் ரீடர் பேச ஆரம்பித்தது. பதிப்புரிமை ராஜம் கிராபிக்ஸ். அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை. இதை நகலெடுப்பது குற்றம், பிரித்துப் பார்ப்பது குற்றம், மாற்றுவது குற்றம், பிறருக்குக் கொடுப்பது குற்றம். ஒரு வரி விடாமல் வாசித்தது. சம்மதம் என்ற பொத்தானை நானே அழுத்தினேன். ஜெரால்ட் என் புத்தகக் கோப்பை அதில் திறந்தான்.

அதற்கப்புறம் சத்தமில்லை.

அம்புக்குறி விசைகளைத் தட்டினேன். டேப் விசையைத் தட்டினேன். மூச்சுக்கூட இல்லை. "என்னடா தெரியுது?" என்றேன்.

"எல்லாம் வந்திருக்குக்கா. உன் புத்தகம் அழகாத் தமிழ்ல தெரியுது."

"அதைக் காப்பி பண்ணி வெளிய எடு. நான் வேற இடத்துல வச்சுக் கேட்டுக்கிறேன்."

அவன் வெகுநேரம் மவுஸைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். "எடுக்க முடியலைக்கா. எழுத்தெல்லாம் படமா நிக்குது. வேணும்னா அச்சடிச்சுக்கலாமாம். யாரும் திருடிரக் கூடாதுன்னு பூட்டு போட்டிருக்கோம்னு எழுதியிருக்கு."

படத்தை ஸ்கிரீன் ரீடரால் வாசிக்க முடியாது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் கணினியை அணைத்தான். உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துவந்தான். அலமாரியிலிருந்து புத்தகத்தை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எங்கக்கா விட்டோம்?" என்றான்.

சொன்னேன். வாசிக்க ஆரம்பித்தான். முதல் பத்தி முடிவதற்குள் கொட்டாவி விட்டான்.